சிறு தீவுக்குப் போகிறவர்களுக்கு

அரபு மொழியில் தீவுக்கு ‘ஜஸீரா’ என்று பெயர். அச்சொல்லின் வேரில் இரண்டு பொருள்கள் அடங்கியுள்ளன: ஒன்று, துண்டித்தல், மற்றொன்று, நீர் வற்றிப் பின்வாங்குதல். பெருநிலத்திலிருந்து துண்டிக்கப்பட்டது என்றும், கடல் சற்றே விலகி இடங்கொடுத்ததால் தலைகாட்டுவது என்றும் இருவகையாகவும் அப்பெயரை விளங்கிக்கொள்ளலாம். தீவுக்குப் பயணம் போக எண்ணுகிறவர்கள் இவ்விரு பொருள்களையும் நெஞ்சில் இருத்திக்கொண்டால், பயணக் குறிப்புகளில் பாதியை நாம் எழுதவே தேவையில்லை. துண்டிக்கப்பட்ட இடத்தில் எல்லாப் பொருளும் அரிதாகவே இருக்கும். கடல் இடங்கொடுத்ததால் நிற்கின்ற நிலத்தில் யாரும் அழுந்தக் காலூன்றலாகாது.

2024 ஜனவரியில் நாட்டின் பிரதமர் இலட்சத்தீவுகளுக்குச் சென்று வந்த படங்கள் வெளியானபின், நம்மவர் பலருக்கு அத்தீவுகளின்மேல் திடீரென்று ஆசை பிறந்துவிட்டது. நம்மிடம் ஓதுகின்ற பிள்ளைகளின் பெற்றோர்கள், ஜும்ஆ முடிந்து வெளியே வருகையில் நம்மை நிறுத்தி, “ஹஜ்ரத், நீங்கள் முன்பே போய் வந்தவர்களாமே! எப்படிப் போவது? பெண்டு பிள்ளைகளோடு போகலாமா? வயதானவர்களை அழைத்துச் செல்லலாமா?” என்று கேட்கிறார்கள். நாம் இல்லத்தாரோடு கவரத்திக்கும் மினிக்காய்க்கும் சென்று வந்தது மெய்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைக் காட்டிலும் எல்லாருக்குமாக எழுதிவிடுவது நலம் என்று தோன்றியது.

முதலில் அந்நாட்டைப் பற்றிச் சில செய்திகள். அரபிக் கடலில், கொச்சியிலிருந்து ஏறத்தாழ 220 முதல் 440 கிலோமீட்டர் தொலைவுக்குள் சிதறிக் கிடக்கும் 36 தீவுகளே இலட்சத்தீவுகள். அவற்றுள் மக்கள் குடியிருப்பவை பத்து: கவரத்தி, அகத்தி, அமினி, கடமத், கில்தான், செத்லத், பித்ரா, அந்த்ரோத், கல்பேனி, மினிக்காய். எல்லாவற்றின் நிலப்பரப்பையும் கூட்டினாலும் 32 சதுர கிலோமீட்டர்தான் வரும். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 64,473. அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்குமேல் முஸ்லிம்கள். பித்ராவில் அப்போது 271 பேரே இருந்தனர். நம் ஊர்களில் ஒரு திருமணப் பந்தலில் அதைவிட மிகுதியானவர் அமர்ந்து உண்கின்றனர்! புதுச்சேரியில் வாழும் நமக்கு அவர்களோடு ஓர் ஒற்றுமையும் உண்டு. பிரெஞ்சுக்காரர் இவ்வூரின் ஆட்சியை இந்தியாவிடம் ஒப்படைத்தது 1954 நவம்பர் 1-இல். அத்தீவுகள் ஒன்றியப் பகுதியாக ஆக்கப்பட்டது 1956 நவம்பர் 1-இல். ஆனால் நமக்கிருப்பதுபோல் சட்டமன்றம் அவர்களுக்கு இல்லை.

இனி, அனுமதி. இந்தியக் குடிமகனாக இருந்தாலும், தீவைச் சேராதவர் அங்கே நுழைய அனுமதிச்சீட்டு வேண்டும். 1967-இல் இயற்றப்பட்ட விதிகளின்கீழ் இது நடைபெற்று வருகிறது. “நம் நாட்டில் ஓரிடம் செல்ல நமக்கேன் அனுமதி?” என்று சிலர் சினங்கொள்வதைக் கேட்டிருக்கிறோம். தீவின் மக்கள் பழங்குடியினராக அரசால் ஏற்கப்பட்டவர்கள். அவர்களின் சிறு நிலமும் வாழ்முறையும் வெளியார் பெருக்கத்தில் கரைந்துவிடாமல் காக்கவே இந்த வேலி. பிறர் வீட்டுக்குள் நுழையுமுன் மும்முறை அனுமதி கேட்கவும், கிடைக்காவிடில் திரும்பிவிடவும் பழக்கப்பட்ட மார்க்கத்தினர் நாம். அனுமதிச்சீட்டை அவ்வாறே ஸலாம் சொல்லி வாசலில் நிற்பதாகக் கருதுங்கள். காவல்துறையின் நன்னடத்தைச் சான்று முதலான தாள்களை இரண்டு மாதங்களுக்கு முன்பே தேடத் தொடங்கிவிடுங்கள். தீவில் அறிந்தவர் இல்லாதவர்கள் அரசின் சுற்றுலாச் சங்கம் நடத்தும் பயணத் திட்டங்களின் வழியாகச் செல்வதே எளிது.

காலம்: அக்டோபர் நடுவிலிருந்து மே தொடக்கம் வரை ஏற்றது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அக்கடல் விருந்தினரை விரும்பாது, கப்பல்களும் குறைந்துவிடும். கொச்சியிலிருந்து அகத்திக்கு விமானம் உண்டு. ஆயினும் முடிந்தவர்கள் கப்பலில் செல்லுங்கள். தீவைப் பொறுத்துப் பதினான்கு முதல் இருபது மணி நேரம் ஆகும். அந்த நீண்ட இரவில்தான் தீவு எவ்வளவு தொலைவில் தனித்திருக்கிறது என்பது உடம்புக்கு விளங்கும். அதே கப்பலில் கொச்சி மருத்துவமனையிலிருந்து திரும்பும் நோயாளியும், விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவனும், கூடை நிறையக் காய்கறியோடு வீடு திரும்பும் தாயும் இருப்பார்கள். நமக்கு உல்லாசமாக இருக்கும் அக்கப்பல், அவர்களுக்கு நம் ஊர்ப் பேருந்தைப் போன்றது. ஆகவே, அவர்கள் இருக்கும் இடத்தில் நம் மூட்டைகளை அடுக்கி வழியை அடைக்கலாகாது. கப்பல் மயக்கம் வருகிறவர்கள் வயிற்றை நிரப்பாமலும் முற்றிலும் வெறும் வயிறாக இல்லாமலும் ஏறவேண்டும். மேல்தளத்தில் காற்றோட்டமாக அமர்ந்து தொடுவானத்தை நோக்கிக் கொண்டிருந்தால் தலைசுற்றல் தணியும். மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்வதானால் கப்பல் புறப்படுமுன்பே எடுத்துக்கொள்ள வேண்டும்.

தொழுகையைப் பற்றி நம்மிடம் மிகுதியாகக் கேட்கிறார்கள். நம் கடற்கரையோர ஊர்களைப் போலவே அத்தீவினரும் ஷாபிஈ மத்ஹபினர். கொச்சியிலிருந்து கவரத்தி நானூறு கிலோமீட்டர் அளவில் இருப்பதால் கஸ்ராகவும் ஜம்ஆகவும் தொழும் சலுகை முஸாஃபிருக்கு உண்டு. போகும் நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாள்கள் ஓரிடத்தில் தங்க நிய்யத் செய்துவிட்டால் அச்சலுகை அங்கே நீங்கிவிடும் என்பதையும் நினைவிற் கொள்க. கப்பலில் பர்ளான தொழுகையை நிற்க இயன்றவர் நின்றே தொழவேண்டும். தலை சுற்றி விழுந்துவிடுவோம் என்றஞ்சுகிறவர் அமர்ந்து தொழலாம். கப்பல் திசை திரும்பினால் தொழுபவரும் கிப்லாவை நோக்கித் திரும்பிக்கொள்ள வேண்டும். இதற்கு ஓர் எளிய குறிப்புச் சொல்கிறோம். கொச்சியிலிருந்து கவரத்தி செல்லும் கப்பல் ஏறக்குறைய மேற்கு நோக்கிச் செல்வது. நம் கிப்லாவோ மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தது. ஆகவே போகும்போது கப்பலின் முகப்பை நோக்கி நின்று சிறிது வலப்புறம் திரும்பினால் கிப்லா; வரும்போது அது கப்பலின் பின்புறம். மினிக்காய்க்குச் செல்கையில் கப்பல் தென்மேற்காக ஓடுமாதலால் வலப்புறம் இன்னும் கூடுதலாகத் திரும்பவேண்டும். ஐயம் வந்தால் கப்பல் பணியாளரைக் கேளுங்கள். அவர்களிலும் தொழுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வயதானவர்களை அழைத்துச் செல்லலாமா? செல்லலாம், ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். கடல் அமைதியற்ற வேளையிலும் சில தீவுகளிலும் கப்பல் கரையணையாது. பவளத்திட்டுக்கு வெளியே நின்றுகொள்ளும். கப்பலின் பக்கவாயிலிலிருந்து, ஏறி இறங்கும் அலையில் ஆடுகின்ற படகுக்குள் கால் வைக்கவேண்டும். அங்குள்ள படகோட்டிகள் கைதேர்ந்தவர்கள்; முதியவர்களைக் குழந்தையைப் போல் தாங்கி இறக்குகிறார்கள். நம் இல்லத்தாருக்கு முழங்கால் வலி உண்டு. ஓர் இளைஞர், “உம்மா, நான் சொல்லும்போது மட்டும் கால் வையுங்கள்” என்று சொல்லி அலை உயர்ந்து படகு மேலெழும்பும் கணத்தைப் பார்த்து இறக்கிவிட்டார். முழங்கால் முற்றும் தளர்ந்தவர்களும் இதய நோயாளிகளும் மருத்துவரைக் கலந்தே புறப்பட வேண்டும். கடுநோய் கண்டால் ஹெலிகாப்டரில் கொச்சிக்குக் கொண்டுபோகும் நிலை அங்கே இருக்கிறது. அந்த ஏற்பாடு தீவு மக்களின் உயிர்காப்புக்கானது. நம்முடைய மருந்துகளை நாமே, தங்கும் நாள்களைவிட ஒரு வாரம் கூடுதலாக வரும்படி எடுத்துச் செல்லவேண்டும். ஏனெனில் திரும்பும் கப்பல் தாமதிக்கக்கூடும்.

இப்போது தண்ணீரைப் பற்றி. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான். பவளத் தீவில் ஆறு இல்லை, குளமும் அரிது. மழைநீர் மணலில் இறங்கி, அடியில் ஊறி நிற்கும் உப்புநீரின்மேல், எடை குறைந்ததனால், மெல்லிய படலமாக மிதக்கிறது. அந்தப் படலத்தைத்தான் கிணறாகத் தோண்டிக் குடிக்கிறார்கள். அளவாக இறைத்தால் அடுத்த மழை நிரப்பிவிடும். மிகுதியாக இறைத்தால் அடியிலிருந்து உப்புநீர் மேலேறிக் கிணறு கெட்டுவிடும். இவ்விடர் கண்டே 2005-இல் கவரத்தியில் ஒரு புதுமையான ஆலை நிறுவப்பட்டது. நம் சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆக்கம் அது. கடலின் மேற்பரப்பு நீர் வெதுவெதுப்பானது. ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்து நீரோ குளிர்ந்தது. அழுத்தம் குறைந்த கலத்தில் மேல்நீரை ஆவியாக்கி, ஆழ்நீரின் குளிர்ச்சியால் அவ்வாவியை நன்னீராக உறையவைக்கிறார்கள். நாளொன்றுக்கு ஒரு இலட்சம் லிட்டர் அதன் கொள்ளளவு. பின்னர் 2011-இல் மினிக்காயிலும் அகத்தியிலும் அவ்வாறே அமைத்தனர்.

இத்தனை பாடுபட்டுப் பெறும் நீரை, நகரத்து விடுதியில் குளிப்பதுபோல் குழாயைத் திறந்துவிட்டுக் குளிக்க ஒரு முஃமினுக்கு மனம் வருமா? ஓடும் ஆற்றங்கரையில் உளூச் செய்தாலும் விரயம் கூடாது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கற்பித்த செய்தியை நாம் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் ஓதிக்கொடுக்கிறோம். அதைச் செயலில் காட்ட வாய்த்த இடம் சிறு தீவு. மேலும், கடல் நீர் தூய்மையானது, அதில் உளூச் செய்யலாம் என்பது கடற்பயணிகளின் கேள்விக்கு அவர்களே அருளிய விடை. எனவே கரையில் இருக்கும் வேளைகளில் கடல்நீரிலேயே உளூச் செய்துகொள்ளலாம். நாம் அப்படிச் செய்ததைக் கண்ட கவரத்திப் பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே, “விருந்தாளிகள் இதைக் கேள்விப்பட்டதே இல்லை என்று நினைத்திருந்தேன்” என்றார். அந்தச் சிரிப்பில் குறைசொல்லல் இல்லை. ஆனால் வந்துபோன எத்தனையோ விருந்தாளிகளின் வாளிக்கணக்கு அதில் இருந்தது.

உணவு: சோறு, மீன், தேங்காய் இவையே அடிப்படை. காய்கறியும் பழமும் பெரும்பாலும் கப்பலில் வருபவை. கிடைத்ததை மகிழ்ந்து உண்ணுங்கள். காயல்பட்டினத்து, இலங்கைச் சமையல் அறிந்த வீடுகளில் ‘மாசி’ என்பது புதிதன்று. சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் கல்போல் உலர்த்திய அந்தச் சரக்கின் பிறப்பிடங்களுள் மினிக்காயும் ஒன்று. வாங்கிவருவதானால் அதை வாங்குங்கள். அங்குள்ள குடும்பத்துக்குக் காசு சேரும்.

வாங்கக்கூடாததும் ஒன்றுண்டு, எடுக்கவும் கூடாது. அது பவளம். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, அது தீவின் எலும்பு. பவளத்திட்டுத்தான் அலையின் வேகத்தை வாங்கிக்கொண்டு தீவைக் காக்கிறது. இதற்குச் சான்று தேடி அரபிக் கடலுக்குப் போகவேண்டியதில்லை. நம் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல் தேசியப் பூங்கா அமைத்தார்கள். சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் நெடுங்காலம் பவளக்கல் வெட்டியெடுக்கப்பட்டதன் விளைவாக, அவற்றுள் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் நீருக்குள் போய்விட்டன. இலட்சத்தீவுகளிலும் பங்காரத்துக்கு அருகிலிருந்த ஆளில்லாத பரளித் தீவுகளில் ஒன்று அரிப்பினால் முற்றும் மறைந்ததாக 2017-இல் ஆய்வாளர் அறிவித்தனர். ஒரு பிள்ளை கையில் எடுத்துவரும் ஒரு துண்டினால் தீவு மூழ்காதுதான். ஆனால் கப்பல் நிறையப் பிள்ளைகள் வருகிறார்களே! அதேபோல், நாம் கொண்டுசெல்லும் பொட்டல உறைகளையும் குப்பிகளையும் ஒரு பையில் சேர்த்துத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும். அங்கே குப்பையைக் கொட்டத் தரிசு நிலம் என்று ஒன்று கிடையாது.

இனி, ஒழுகலாறு. மக்கள் வாழும் தீவுகளில் மதுவுக்கு இடமில்லை. நம் குடும்பங்களுக்கு அது ஆறுதல். பெண்கள் அஞ்சாமல் நடமாடுவதைக் காண்பீர்கள். படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள். மொழி மலையாளத்தின் ஒரு கிளை. ‘ஜெஸரி’ என்பார்கள், ஜஸீராவிலிருந்து பிறந்த பெயர். மெதுவாகப் பேசினால் தமிழருக்கு ஓரளவு விளங்கும். மினிக்காயில் மட்டும் மாலத்தீவு மொழியோடு ஒன்றான ‘மஹல்’ பேசி, வலமிருந்து இடமாகத் ‘தானா’ எழுத்தில் எழுதுகிறார்கள். கவரத்தியின் உஜ்ரா பள்ளிவாசலின் மரச்செதுக்கு வேலைகளைப் பொறுமையாகப் பாருங்கள். நம் முன்னோர் அரபுத்தமிழில் எழுதியது போல் அவர்களின் முன்னோர் அரபு மலையாளத்தில் எழுதினார்கள். அந்த ஏடுகளைக் கண்டபோது, மொழி வேறாயினும் எழுத்தின் முகம் உறவினர் முகம்போல் நமக்குத் தோன்றியது.

இங்கே ஆலிம்களுக்கும், மார்க்க அறிவு உடையோம் என்று எண்ணுவோர்க்கும் தனியே ஒன்று சொல்ல விரும்புகிறோம். அத்தீவுகளில் தாய்வழி மரபு வேரூன்றியது. குடும்பப் பொதுச் சொத்து பெண்வழியே இறங்குவது. அதற்கு ‘வெள்ளியாழ்ச்சச் சொத்து’ என்றும், ஷரீஅத்தின்படி பங்கிடத்தக்க தன்தேட்டத்துக்குத் ‘திங்களாழ்ச்சச் சொத்து’ என்றும் பெயரிட்டு இரண்டையும் பிரித்துவைத்தார்கள். கல்பேனியில் ஆராய்ந்த லீலா துபே என்னும் அம்மையார் 1969-இல் இதைப் பற்றியே ஒரு நூல் வெளியிட்டார். பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அங்கே வாழவைக்கும் வழக்கம் நம் காயலிலும் கீழக்கரையிலும் உண்டல்லவா? ஆனாலும் புதிதாகச் செல்பவருக்கு, இறங்கிய மறுநாளே தீர்ப்புச் சொல்லும் நாட்டம் பிறந்துவிடுகிறது.

இதற்கு இப்னு பதூதாவே படிப்பினை. 1343-இல் மாலத்தீவுக்கு வந்த அவரை அங்கே காழியாக அமர்த்தினார்கள். தொழுகைக்கு வராதவரைத் தண்டித்தார். பெண்களின் உடையை மாற்ற முயன்றார். தம்மால் அதில் வெல்ல இயலவில்லை என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். கடைசியில் ஆட்சியாளரோடு பிணக்குண்டாகி, அடுத்த ஆண்டே தீவை விட்டுப் புறப்பட்டார். அவரேனும் பதவி பெற்ற காழி. மூன்று நாள் அனுமதிச்சீட்டில் செல்லும் நமக்கு அந்தப் பதவியை யார் தந்தார்? கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், கேட்கப்படாமல் தீர்ப்பளிக்காதீர்கள். அங்கும் ஆலிம்கள் இருக்கிறார்கள்.

விருந்தினர் பெருகுவதால் தீவுக்கு வருவாய் வருமே, அதைத் தடுப்பதா என்று கேட்கலாம். வருவாய் வேண்டும்; மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஓர் அளவு இல்லாவிடில் என்ன ஆகும்? ஸ்காட்லாந்தின் மேற்கே அட்லாண்டிக் கடலில் செயின்ட் கில்டா என்றொரு சிறு தீவு. நூற்றாண்டுகளாகப் பறவைகளைப் பிடித்தும் ஆடு வளர்த்தும் தம் காலில் நின்ற மக்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்களில் உல்லாசப் பயணிகள் வரலாயினர். கப்பல் வந்துபோகும்போதெல்லாம் தீவில் சளிக் காய்ச்சல் பரவியது. வந்தவர்களுக்குத் துணியும் முட்டையும் விற்றுப் பழகியவர்கள் காசையும் வெளிச் சரக்கையும் நம்பலாயினர், இளையவர்கள் வெளியேறினர். 1930 ஆகஸ்ட் 29 அன்று எஞ்சியிருந்த 36 பேரும் தாமே வேண்டிக்கொண்டபடி கப்பலேறித் தீவைக் காலி செய்தார்கள். பயணிகள் மட்டுமே காரணமல்லர். நோயும் பஞ்சமும் தனிமையும் சேர்ந்தன. எனினும் வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கும் அதில் பங்குண்டு என்பதை வரலாறு மறைக்கவில்லை.

இதையெல்லாம் பிள்ளைச்சாவடியில் இருந்துகொண்டு எழுதுவதற்கும் ஒரு காரணம் உண்டு. 1980-களில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் தடுப்புச் சுவர்கள் எழுந்தன. தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகரும் மணல் அதனால் தடைப்பட்டது. வடகரை தேயத் தொடங்கியது. இங்கே படகு ஏற்றிவைக்க மணல் இல்லாமல் மீனவர்கள் தவிப்பதையும், அலை வீட்டுவாசல் வரை வருவதையும் கண்ணாரக் காண்கிறோம். ஓரிடத்தில் ஒருவர் தம் வசதிக்குச் செய்வது இன்னோரிடத்தில் இன்னொருவர் நிலத்தைக் குறைக்கிறது. நமக்குப் பின்வாங்கிச் செல்லப் பெருநிலம் இருக்கிறது. கடல்மட்டத்துக்குமேல் சில மீட்டரே உயர்ந்த தீவில் வாழ்கிறவனுக்குப் பின்னே இருப்பதும் கடல்தான்.

ஆகவே, பயணம் போக வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. போங்கள்; பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். அல்லாஹ்வின் பூமி விரிந்தது என்பதை ஏட்டில் மட்டும் படித்தால் போதாது. ஆனால் புறப்படுமுன் வீட்டாரைக் கூட்டி உட்காரவைத்து மூன்று செய்திகளைச் சொல்லிவிடுங்கள்: தண்ணீரை அளந்து செலவிடுவது, கொண்டுபோன குப்பையைக் கொண்டுவருவது, கரையிலிருந்து கல்லொன்றும் எடுக்காமல் வருவது. அனுமதிச்சீட்டின் படியை இரண்டாக எடுத்து, ஒன்றைக் கைப்பையிலும் மற்றொன்றைப் பெட்டியிலும் வையுங்கள். பாதுகாப்புடன் சென்று, சுகத்துடன் திரும்ப வல்ல இறைவன் அருள்புரிவானாக.